மேலே ஆள் இருக்கிறார்

ஏணி இருந்த இடத்தில் ஏணி இல்லை.

மெக்கானிக் ஒரு கையில் புது பேரிங்கும் மறு கையில் கிரீஸ் டப்பாவுமாக நின்று இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். அவ்வளவு நீள ஏணி ஒளிந்துகொள்ள அதுதான் வசதியான இடம் என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து டிராக்டரின் அடியிலும் பார்த்தார். அங்கேயும் இல்லை.

நிமிர்ந்து மேலே பார்த்தார். சரக்குப் பெட்டிகள் அடுக்கும் அந்த யார்டில், மூன்று கண்டெய்னர் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மூன்றாவது பெட்டியின் முகப்புக்கு நேராக, அவர் விட்டுவிட்டு வந்த அதே உயரத்தில், மேடை ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. மேடையில் அவருடைய பை இருந்தது. பைக்குள் சாப்பாடு இருந்தது. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் சாவி இருந்தது. அவர் மட்டும் கீழே இருந்தார்.

அந்த மேடையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். குளிர்பெட்டிகளுக்குக் குளிரூட்டும் இயந்திரம் முகப்பில்தான் இருக்கும். தரையில் இருக்கிற பெட்டிக்கு நின்றபடியே வைத்தியம் பார்த்துவிடலாம். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் என்ன செய்வது? அதற்காகத்தான் நிர்வாகம் இதை வாங்கியது. நான்கு சக்கரம், கத்தரிக்கோல் மாதிரி விரிகிற இரும்புக் கால்கள், உச்சியில் இடுப்பளவு தகர மறைப்போடு ஒரு தட்டு. டிராக்டரில் கட்டி இழுத்துப் போய் எந்த வரிசைக்கு முன்னால் வேண்டுமானாலும் நிறுத்தலாம். வந்த புதிதில் நிர்வாகத்தின் காகிதத்தில் அதற்குத் 'தூக்குமேடை' என்று பெயர் போட்டிருந்தது. அதில் ஏற மாட்டோம் என்று யார்டே ஒரே குரலில் சொல்லிவிட்டதால், வெறும் 'மேடை' என்று மாற்றினார்கள்.

மேடையை இயக்க இரண்டு இடம் உண்டு. மேலே தட்டில் பொத்தான்கள். அவற்றுக்கு ஒரு சாவி. கீழே ஒரு லீவர். மேலே ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போது கீழே ஒரு புண்ணியவான் லீவரை இழுத்துத் தொலைத்தால் என்ன ஆவது? ஆகவே ஏறுகிறவர் லீவரில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, தன் படம் ஒட்டிய அட்டையைத் தொங்கவிட்டு, பூட்டின் சாவியைத் தன்னோடு கொண்டுபோக வேண்டும். அட்டையில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும்: 'மேலே ஆள் இருக்கிறார்.' போட்டவர்தான் பூட்டைத் திறக்கலாம். கடவுளே வந்தாலும் மேனேஜரின் கையெழுத்தோடுதான் வர வேண்டும்.

மெக்கானிக் இன்றைக்கும் எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தார். மூன்றாம் மாடிப் பெட்டியில் ஃபேன் கரகரக்கிறது என்று சொன்னார்கள். ஏறினார். ஸ்க்ரூடிரைவரின் முனையை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். யார்டில் அவருக்குக் 'காது' என்றே பெயர். ஓசையை வைத்தே இயந்திரத்துக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்ல மறந்த நாட்களில் அவரே சொல்லிக்கொள்வார்.

"பேரிங்" என்று தீர்ப்பாயிற்று. பேரிங்கோ ஸ்டோரில். மேடையை இறக்கி மறுபடி ஏற்றினால் பாட்டரியை வீணாக்கியதாக மேனேஜர் சத்தம் போடுவார். இறக்காமல் உட்கார்ந்திருந்தால் வேலை நடக்கவில்லை என்று சத்தம் போடுவார். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம் என்பது அந்த மனிதர் பிறப்பதற்கு முன்பே அவருக்காக எழுதிவைத்த பழமொழி. பக்கத்திலேயே, பெட்டிகளில் அழிந்த எண்களைத் திருத்தி எழுதுகிற பெயிண்டர் தன் ஏணியைச் சாத்திவிட்டு எங்கேயோ போயிருந்தார். ஓர் எட்டுப் போய்விட்டு வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஃபேன் ஓடுகிறபடி ஓடட்டும் என்று விட்டு, இடுப்பு பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார். மேல்சாவியை மட்டும் பழக்கதோஷத்தில் உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஏணி வழியாக இறங்கிவிட்டார்.

ஸ்டோர்காரர் முதலில் தன் கண்ணாடியைத் தேடி எடுத்து, பிறகு அந்தக் கண்ணாடியைக் கொண்டு பேரிங்கைத் தேடி எடுப்பதற்குள் அந்த ஓர் எட்டு நன்றாக நீண்டுவிட்டது. இப்போது மேல்சாவி கீழே, கீழ்ச்சாவி மேலே.

வேறு ஒரு நாளாக இருந்தால் தானே சொல்லிச் சிரித்திருப்பார். இன்று அப்படி இல்லை. இன்று மாலைதான் அவரை ஃபோர்மன் ஆக்கும் கடிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருஷமாக அந்தக் கடிதத்தின் மேல் மேனேஜர் கோழி மாதிரி உட்கார்ந்திருந்தார். எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்பார், கைபேசியும் கையுமாக வரிசை வரிசையாகப் பதுங்கிப் போய், யார் எங்கே தப்புச் செய்கிறார்கள் என்று படம் பிடிப்பார். போன வாரம்தான் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்: மேடையை உயரத்தில் அனாதையாக விட்டவரும், பெல்ட் இல்லாமல் மேடையில் நின்றவரும், யாராக இருந்தாலும், அந்த இடத்திலேயே சஸ்பெண்ட்.

மெக்கானிக்கின் மனைவியோ, கணவர் ஃபோர்மன் ஆகிவிட்டதாகவே உறவுக்கெல்லாம் சொல்லிவிட்டிருந்தாள். அவளுடைய அக்காவின் கணவர் வேறோர் இடத்தில் ஃபோர்மன். அந்த ஒரு வார்த்தையை அக்கா பத்து வருஷமாக ஒவ்வொரு பேச்சிலும் உப்பு மாதிரி போட்டுக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் ஓட்டமும் நடையுமாகப் பெயிண்டரைத் தேடினார். பெயிண்டர் பெயிண்ட் டிரம்களுக்குப் பின்னால் குந்தியிருந்தார்.

"ஏணி எங்கப்பா?"

"மெதுவாப் பேசுங்க. நானே ஒளிஞ்சிட்டிருக்கேன். சேஃப்டி மேடம் தூக்கிட்டுப் போய்ட்டாங்க."

"தூக்கிட்டுப் போய்ட்டாங்களா?"

"யார்டுல ஏணியே கூடாதாம். ரெண்டு பேரை வச்சுத் தூக்கி, அவங்க ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க. யாரோட ஏணின்னு விசாரிச்சுட்டு வர்றாங்க. நான் இன்னைக்கு லீவு. நீங்க என்னைப் பார்க்கல."

"அந்த ஏணி இல்லாட்டி என் பொழப்பே போச்சுய்யா!"

"அந்த ஏணி என்னுதுன்னு தெரிஞ்சா என் பொழப்பு போச்சு. நீங்க போங்க."

மெக்கானிக் மேடைக்குத் திரும்பி வந்து மச்சானைப் போனில் கூப்பிட்டார். மச்சான் என்றால் சொந்த மச்சான், மனைவியின் தம்பி. அதே யார்டில் எலக்ட்ரீஷியன். அவனுக்கு யோசனை வருவது மற்றவர்களுக்குத் தும்மல் வருவது மாதிரி. வந்துவிட்டால் யாராலும் அடக்க முடியாது.

ஓடி வந்து நின்று முழுக்கதையையும் கேட்டுவிட்டு மச்சான் சொன்னான்: "அத்தான், முதல்ல அந்த 'ஆதாரம்' மேனேஜர் எங்க இருக்காருன்னு தெரிஞ்சாகணும். அவரு இந்தப் பக்கம் வரலைன்னா பாதி பிரச்சினை முடிஞ்சுது. இருங்க, ஏதாவது வேலையைக் கேக்கற மாதிரி போன் போடறேன்."

போட்டான். காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். மேலே எங்கேயோ தகரத்தில் வண்டு புகுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கர்ர்ர்... கர்ர்ர்...

மெக்கானிக் ஒரு விரலைத் தூக்கினார். இவ்வளவு கஷ்டத்திலும் அவர் முகம் மலர்ந்தது. "கேட்டியா?"

"என்னது?"

"பேரிங். நான் சொன்னேன்ல? இப்ப முழுசாவே போயிடுச்சு."

"விட்டு விட்டு வருதே அத்தான்?"

"லோடு ஏறி ஏறி இறங்குது. உனக்குச் சொன்னாப் புரியாது. அதுக்கெல்லாம் ஒரு காது வேணும்."

மச்சான் போனைப் பாக்கெட்டில் போட்டான். "எடுக்கல. நல்லாச் சாப்பிட்டுட்டு எங்கயாவது குறட்டை விட்டுட்டிருப்பாரு."

"குறட்டை விட்டீங்கன்னு சொன்னா, அதுக்கு ஆதாரம் இருக்கான்னு கேப்பாரு."

"அவரு தலையில ஒரு காலத்துல முடி இருந்துச்சுன்னு சொல்றாங்க, அதுக்கு என்ன ஆதாரம்?"

மெக்கானிக்குக்குச் சிரிப்புப் பொங்கியது. அடக்கிக்கொண்டு, "மெல்லப் பேசுடா" என்றார்.

"யாரு கேக்கப் போறா? மேல ஆகாசம், கீழ நாம."

அந்தத் தைரியத்தில் இருவரும் மேனேஜரின் நடை, மேனேஜரின் தொப்பை, கையெழுத்துப் போடும்போது மேனேஜர் நாக்கைத் துருத்துகிற அழகு எல்லாவற்றையும் ஒரு சுற்று பேசி முடித்தார்கள். மெக்கானிக்குக்கு மனசு கொஞ்சம் இலேசாயிற்று. அப்போதுதான் மச்சானுக்கு அடுத்த தும்மல் வந்தது.

"கயிறு! கயித்துல ஒரு கொக்கியைக் கட்டி மேல வீசுவோம். பையோட வார்ல மாட்டும். பையை இழுத்தா சாவி தானா வரும். கிணத்துல விழுந்த வாளியை எடுக்கறதில்லையா?"

"கிணறு கீழ இருக்கும்டா."

"திருப்பி நினைச்சுக்கங்க."

திருப்பி நினைத்துக்கொண்டார்கள். மச்சான் வீசிய கொக்கி ஒருமுறை பெட்டியில் பட்டு அவன் காலடியிலேயே வந்து விழுந்தது. மறுமுறை தட்டுக்குள் போய் 'டங்'கென்று விழுந்து எதிலோ மாட்டியது. இழுத்தார்கள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார்கள்.

"எதுவோ விடமாட்டேங்குது அத்தான்."

"கம்பியில சிக்கியிருக்கும். என் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு இழு."

இழுத்த இழுப்பில் அது சட்டென்று விட்டுக்கொடுத்தது. இருவரும் மல்லாந்து விழுந்தார்கள். அவர்கள் மேலேயே வந்து விழுந்தது, பை அல்ல. மெக்கானிக் கழற்றி வைத்த இடுப்பு பெல்ட்.

"சாவி கேட்டா பெல்ட்டைத் தர்றியேடா!" என்றார் மெக்கானிக், மேடையைப் பார்த்தா மச்சானைப் பார்த்தா என்று தெரியாமல்.

"அது யாரோட பெல்ட்?" என்று ஒரு குரல் பின்னாலிருந்து கேட்டது.

சேஃப்டி மேடம் நின்றிருந்தார். தலைமை அலுவலகம் அனுப்பிய பாதுகாப்பு அதிகாரி. கழுத்தில் விசில், இடுப்பில் வாக்கி-டாக்கி. மேனேஜரே அந்த அம்மாளைக் கண்டால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார். மேடம் பெல்ட்டைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், லீவரில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். பிறகு அட்டையில் இருந்த படத்தையும் தரையில் கிடந்த முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இது நீங்கதானே?"

"நான்தான் மேடம்." மெக்கானிக் எழுந்து புழுதியைத் தட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு? படிங்க."

"மேலே ஆள் இருக்கிறார்."

"படத்துல இருக்கறவர் கீழ நிக்கறார். அப்ப மேல யாரு?"

உண்மையைச் சொல்லிவிட அது நல்ல சமயம். மெக்கானிக்குக்கும் அது தெரியும். ஆனால் அந்தச் சமயம் பார்த்து மனைவியின் முகமும், அவளுக்குப் பின்னால் அவள் அக்காவின் முகமும், அதற்கும் பின்னால் அக்கா கணவரின் மீசையும் அவர் கண்முன் வந்து நின்றன. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"புது ஆள் மேடம்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மெக்கானிக் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. அவருடைய புளுகுக்கு எட்டு விநாடி தாங்குவதே பெரும்பாடாக இருந்தது.

"எந்தப் புது ஆள்?"

"கான்ட்ராக்டர் அனுப்பினார். இன்னைக்குத்தான் வந்தார். அவரை மேல விட்டுட்டு நான் பேரிங் வாங்கப் போனேன்."

"பேரு?"

"கேக்கல மேடம். வந்ததும் வேலையில இறங்கிட்டார். அதாவது, ஏறிட்டார்."

"ஆள் எப்படி இருப்பார்?"

"குட்டையா" என்றார் மெக்கானிக்.

"நல்ல உயரம்" என்றான் மச்சான், அதே நேரத்தில்.

மேடம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"குட்டைதான் மேடம்" என்று மச்சான் சமாளித்தான். "மேடையில ஏறினதும் உயரமாயிட்டார்."

"வயசு?"

"இளவட்டம் மேடம். தலை நிறைய முடி" என்றார் மெக்கானிக். சற்று முன் பேசிய பேச்சு நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப இந்த பெல்ட்?"

"அவரோடதுதான். வெக்கையா இருக்குன்னு கழட்டிக் கீழ போட்டுட்டார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மேடத்துக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது.

"மூணாவது மாடி உயரத்துல பெல்ட் இல்லாம நிக்கறாரா?" மேடம் இரண்டு கைகளையும் வாயில் குவித்துக்கொண்டார். "தம்பீ! மேல இருக்கற தம்பீ! அப்படியே உட்காருங்க!"

மேலேயிருந்து பதில் இல்லை. தட்டு மட்டும் லேசாக ஆடிய மாதிரி இருந்தது. காற்றாக இருக்கும்.

"பேசமாட்டார் மேடம். கூச்ச சுபாவம்" என்றான் மச்சான்.

"பேச வேண்டாம். மேல்சாவியைப் போட்டு இறங்கினாப் போதும். தம்பீ! சாவியைத் திருப்புங்க!"

மெக்கானிக்கின் கை, கேட்ட மாத்திரத்தில், கடமை தவறாமல் தன் பாக்கெட்டுக்குள் போயிற்று. சாவி கலகலத்தது.

"அது என்ன?"

"மேல்சாவி மேடம்."

"கீழ்ப் பூட்டோட சாவி?"

"அது மேல."

மேடம் அவர் பாக்கெட்டையும் லீவரில் தொங்கிய பூட்டையும் மாறிமாறிப் பார்த்தார். பேசியபோது குரல் தணிந்திருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"அதாவது, ஒரு மனுஷனை மேல ஏத்தி, அவர் பெல்ட்டை இங்க வச்சுக்கிட்டு, இறங்கற சாவியை உருவிக்கிட்டு, கீழயும் பூட்டைப் போட்டுட்டு நீங்க கடைகண்ணிக்குப் போயிருக்கீங்க."

"அப்படி இல்ல மேடம்..."

"அவர் உங்களுக்கு என்ன துரோகம் பண்ணார்?"

மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். சற்று முன்பு வரை அவர் ஒரு விதியை மீறியவர். இப்போது ஒரு மனிதரைச் சிறை வைத்தவர். அந்த மனிதர் பிறக்கவே இல்லை என்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆறுதல்; அதையும் வெளியில் சொல்ல முடியாது.

"பூட்டை உடைக்கணும். அதுக்கு மேனேஜர் கையெழுத்து வேணும்" என்று மேடம் கைபேசியை எடுத்தார். அழைத்துவிட்டுக் காத்திருந்தார்.

கர்ர்ர்... கர்ர்ர்...

"மேல என்ன சத்தம்?"

"பேரிங் மேடம்" என்றார் மெக்கானிக், நெஞ்சை நிமிர்த்தி. அன்று அந்த அம்மாளிடம் சொன்னவற்றில் இந்த ஒன்றையாவது மனசாட்சியோடு சொல்ல முடிந்ததே என்று அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"எடுக்க மாட்டேங்கறார். ஆபத்து நேரத்துல எங்க போய்த் தொலைஞ்சாரோ" என்று சொல்லிவிட்டு, மேடம் வாக்கி-டாக்கியில் இரண்டு வார்த்தை பேசினார். யார்டு முழுக்கச் சைரன் அலறத் தொடங்கியது.

சைரன் என்றால் கூட்டம். டிராக்டர் ஓட்டுகிறவர்கள் வந்தார்கள், கேட் காவலாளி வந்தார், ஸ்டோர்காரர் கண்ணாடியோடு வந்தார். லீவில் இருந்த பெயிண்டரும் லீவை மறந்துவிட்டு வந்தார். பெல்ட் இல்லாத ஆள் மேலே மயங்கிக் கிடக்கிறார் என்று செய்தி, ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகும்போதே வளர்ந்துகொண்டே போயிற்று.

"யாரு, அந்தப் புது ஆளா?" என்றார் ஸ்டோர்காரர். "காலையில என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாரே! தங்கமான மனுஷன். கையுறை வேணும்னு கேட்டார். நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு வருவாரோ மாட்டாரோ."

"எங்கிட்டத்தான் வழி கேட்டாரு" என்றார் காவலாளி, விட்டுக்கொடுக்காமல். "சின்னக் குழந்தை ரெண்டு இருக்காம்."

"பாவம், சிரிச்ச முகம்" என்றார் ஒரு டிராக்டர்காரர்.

மெக்கானிக் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெற்றுப் போட்ட பொய்க்கு ஊரே கூடிச் சோறூட்டி வளர்த்துக்கொண்டிருந்தது. சின்னக் குழந்தைகள் என்று கேட்டபோது அவருக்கே அந்த ஆளை நினைத்து நெஞ்சு கனத்தது.

அந்த நேரத்தில் பாக்கெட்டில் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, கையெழுத்து ஆச்சா?"

"ஆயிட்டே இருக்கு."

"என்ன அங்க ஒரே சத்தம்? சைரன் மாதிரி கேக்குது?"

"அது... எல்லாரும் கூடியிருக்காங்க."

"உங்களுக்காகவா?"

"எனக்காகத்தான்."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "எனக்குத் தெரியும்ங்க. நீங்க யாரையும் ஏமாத்தாம, ஒழுங்கா உழைச்சு வாங்கினது. அக்காகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

"அதுக்குள்ள சொல்லிட்டியா?"

"இப்பத்தான் போனை வச்சேன். அக்கா வீட்டு அத்தான்கூட உங்ககிட்டப் பேசணும்னாரு. சீக்கிரம் வாங்க."

மெக்கானிக் போனை வைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் மட்டும் 'ஒழுங்கா' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்திருப்பார். போனால் போகட்டும் ஃபோர்மன் வேலை என்று நேராக மேடத்தின் முன்னால் போய் நின்றார்.

"மேடம், உண்மையைச் சொல்லிடறேன். மேல யாருமே இல்ல."

கூட்டம் அண்ணாந்து பார்த்தது.

"ஐயோ, விழுந்துட்டாரா!" என்று அலறினார் ஸ்டோர்காரர்.

"எந்தப் பக்கம்?" என்றார் மேடம். நாலைந்து பேர் பெட்டிகளின் மறுபக்கம் ஓடினார்கள்.

"விழல! அப்படி ஒரு ஆளே கிடையாது. நான் சும்மா சொன்னேன்!"

"பயத்துல உளறாதீங்க. அவர் ஸ்டோர்ல கையுறை கேட்டிருக்கார்."

"கேட்டார். இந்த வாயாலதான் இல்லைன்னேன்" என்றார் ஸ்டோர்காரர்.

"மச்சான், நீயாவது சொல்லுடா!"

மச்சான் கூட்டத்தைப் பார்த்தான், மேடத்தைப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி, "குட்டையா ஒருத்தர் போன மாதிரி எனக்கும் ஞாபகம் அத்தான்" என்றான்.

பொய் சொன்னபோது ஆளுக்கு ஆள் சாட்சி சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் சொந்த மச்சானே இல்லை. மெக்கானிக் டிராக்டரின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கிரேன் அக்கா வந்தாச்சா?" என்று மேடம் வாக்கி-டாக்கியில் கேட்டார்.

"வந்துட்டேன் மேடம். இப்பத்தான் கை கழுவினேன். ஏறிட்டிருக்கேன்" என்று கரகரத்தது கருவி.

கிரேன் அக்கா என்பது வரிசைகளின் மேல் கால் அகட்டி நடக்கிற அந்தப் பெரிய கிரேனை ஓட்டுகிற அம்மாள். அவருடைய கண்ணாடி அறை எல்லாப் பெட்டிகளுக்கும் மேலே இருக்கும். அங்கே உட்கார்ந்தால் யார்டில் எந்தத் தலையும் தப்பாது. சாப்பாட்டு நேரம் என்பதால் இதுவரை கிரேன் சும்மா நின்றது.

"ஆளை இறக்கற கூண்டை அப்புறம் மாட்டிக்கலாம். முதல்ல மேடை மேல வந்து, ஆள் எந்த நிலைமையில இருக்கார்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார் மேடம். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று வாக்கி-டாக்கியின் சத்தத்தை முழுசாகத் திருகிவைத்தார்.

கிரேன் அசைந்து அசைந்து வந்தது. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் சற்று நேரத்தில் 'யாரும் இல்லை' என்று கிரேன் அக்கா சொல்லிவிடுவார். அதோடு எல்லாம் முடிந்தது. மனைவியிடம் எப்படிச் சொல்வது, அவள் தன் அக்காவிடம் எப்படிச் சொல்வாள் என்று அவர் மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தார்.

கிரேன் நின்றது. வாக்கி-டாக்கி இருமியது.

"மேடம், ஆள் இருக்காரு."

கூட்டத்தில் அத்தனை பேரும் 'அப்பாடா' என்றார்கள்.

"என்னது, இருக்காரா?" என்று மெக்கானிக் துள்ளி எழுந்தார்.

"அதுக்கு ஏன் இப்படிப் பதறுறீங்க? நீங்கதானே ஏத்தி விட்டீங்க?" என்று கடிந்துகொண்டு, மேடம் கருவியை வாயருகே கொண்டுபோனார். "உயிருக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல மேடம். தகர மறைப்புக்குப் பின்னால ஒடுங்கி உட்கார்ந்திருக்காரு. பக்கத்துல டிபன் பாக்ஸ். வழிச்சுச் சாப்பிட்டிருக்காரு."

"என் சாப்பாடு!" என்றார் மெக்கானிக்.

"மேல எப்படி வந்தாராம்?"

அக்கா கேட்டுச் சொல்கிற வரைக்கும் கூட்டம் காத்திருந்தது.

"ஏணி சாத்தியிருந்துச்சாம், ஏறினாராம். இறங்கலாம்னு பார்த்தா ஏணியைக் காணோமாம்."

மேடத்தின் முகம் ஒரு மாதிரியாயிற்று. பெயிண்டர் மெல்ல நழுவி மறுபடி லீவில் போனார்.

"சரி, ஆள் அவர்தானான்னு பாருங்க. குட்டை, இளவட்டம், தலை நிறைய முடி."

வாக்கி-டாக்கி கொஞ்சம் தயங்கியது. "குட்டைங்கறது சரி மேடம். மத்ததெல்லாம்... இருங்க, என்னமோ ரகசியமாச் சொல்றாரு. இன்னும் கிட்டக்க போய்க் கேக்கறேன்."

கிரேன் ஓர் அடி நகர்ந்தது. மேலே யாரோ கிசுகிசுத்தார்கள். பிறகு அக்காவின் குரல் யார்டு முழுக்கக் கேட்கும்படி கணீரென்று வந்தது.

"மெக்கானிக் தம்பி, மேடம் காதுல விழாம உங்ககிட்ட மட்டும் சொல்லச் சொல்றாரு: 'புது ஆள்தான்'னு நீங்க கடைசி வரைக்கும் சாதிச்சுட்டா, உங்க ஃபோர்மன் லெட்டர்ல இறங்கினதும் முதல் வேலையாக் கையெழுத்துப் போட்டுடறாராம், அப்புறம், அந்த கர்ர்ர்னு வந்தது பேரிங் இல்லையாம், அவரோட போனாம்."